கண்ணாடி வீட்டு அம்மையார்

அருப்புக்கோட்டையினின்று தெற்கு நோக்கித் தூத்துக்குடிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பந்தல்குடி என்னும் ஊர் உள்ளது. அதனைச் சூழ்ந்த நிலம் கரிசல். திருச்சுழி வரையிலும் பரந்து கிடக்கும் அந்நிலப்பரப்பு வானம் பார்த்த பூமியாகும். ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் மழை தவறாது பெய்தால் பருத்தியும் கம்பும் சோளமும் விளையும். பொய்த்தால் குடியானவர் வேற்றிடம் நாடிச் செல்லவேண்டியதுதான். இக்காடுகளிற் களையெடுப்பவரும் பருத்தி எடுப்பவரும் பெரும்பாலும் பெண்டிரே. விடியுமுன் எழுந்து, கஞ்சிக் கலயத்துடன் காடு சென்று, உச்சிவேளை வரை குனிந்த முதுகு நிமிராது உழைப்பவர் அவர். அரசரும் செல்வரும் ஓவியத்தில் நெடுங்காலமாக இடம்பெற்று வந்தனர்; உழைக்கும் பெண்ணின் முகத்தை அருகிருந்து நோக்கி எழுதவேண்டும் என்னும் எண்ணம் ஓவியருக்கு எளிதில் தோன்றவில்லை.

இத்தகைய வறண்ட சீமைகளினின்று 19-ஆம் நூற்றாண்டில் பல்லாயிரவர் கடல் கடந்து இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குச் சென்றனர். அங்கே உழைத்த எளிய மக்களுட் சிலரைத் தம் படப்பெட்டியின் முன் அமர்த்தி நிழற்படமாக எடுத்தவர் ஓர் அம்மையார். அவர் பிறந்தது கல்கத்தாவில். கல்வி கற்றது பிரான்சில். புகழ் பெற்றது இங்கிலாந்தில். துயில் கொண்டது இலங்கை மலையில். ஜூலியா மார்கரெட் காமரன் என்பது அவர் பெயர்.

ஜூலியா 1815-ஆம் ஆண்டு சூன் 11-ஆம் நாள் கல்கத்தாவிற் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் பாட்டில், கிழக்கிந்தியக் கம்பெனியில் உயர்பதவி வகித்தவர். தாயார் பிரெஞ்சுக் குடியினர். உடன்பிறந்த மகளிர் பலரும் அழகிற் சிறந்தவர் என்று பெயர் பெற்றிருந்தனர். ஜூலியாவிற்கோ அப்பெயர் வாய்க்கவில்லை. அழகியருக்கு நடுவே அழகில்லாதவராக வளர்ந்த அவரே பிற்காலத்தில் அழகைத் தேடுவதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டார் என்பது வியப்பன்று. இளமையிற் பிரான்சு நாட்டில் பாட்டியாரிடம் வளர்ந்து கல்வி பயின்று, 1834-இல் மீண்டும் இந்தியா வந்தார்.

1836-இல் உடல்நலம் குன்றியமையால் ஓய்வு கொள்ளும்பொருட்டு நன்னம்பிக்கை முனைக்குச் சென்றார். அவ்விடத்து அவருக்கு இருவர் அறிமுகமாயினர். ஒருவர் வான நூற் பேரறிஞர் சர் ஜான் ஹெர்ஷல். மற்றவர் சட்ட அறிஞர் சார்லஸ் ஹே காமரன். முன்னவர் வாழ்நாள் முழுதும் அவருக்கு ஆசானும் நண்பருமாக விளங்கினார். பின்னவர் 1838-இல் கல்கத்தாவில் அவரை மணந்தார். சார்லஸ் காமரன் தம் மனைவியினும் இருபது ஆண்டு மூத்தவர். இலங்கையின் ஆட்சிமுறையை ஆராயும்பொருட்டு அமைக்கப்பெற்ற குழுவில் கோல்புரூக் என்பாருடன் பணியாற்றியவர். இராசகாரியம் என்ற பெயரால் குடிமக்களிடம் கூலியின்றி வாங்கப்பட்டு வந்த கட்டாய உழைப்பு 1832-இல் ஒழிந்தது அக்குழுவின் பரிந்துரையாலேயே ஆகும். பின்னர் மெக்காலேயுடன் இந்தியச் சட்டங்களைத் தொகுக்கும் பணியிலும் ஈடுபட்டார். இலங்கையின் மலைச்சாரலில் அவர் நிலங்கள் வாங்கிக் காப்பி பயிரிட்டார். கட்டாய உழைப்பை ஒழிக்கச் சொன்னவரே, கடல் கடந்து வந்த ஏழைகளின் குறைந்த கூலியால் நடைபெற்ற தோட்டங்களுக்கு உடையவருமானார். வரலாற்றில் இத்தகைய முரண்கள் அரியன அல்ல.

கல்கத்தாவில் ஜூலியா அம்மையார் பெரிய இடத்துப் பெண்மணியாகவே வாழ்ந்தார். தலைமை ஆளுநர் ஹார்டிஞ்சு பிரபுவின் மனைவியார் இந்தியாவில் இல்லாமையால், ஆளுநர் மாளிகை விருந்துகளை ஏற்று நடத்தும் பொறுப்பும் அவருடையதாயிற்று. 1848-இல் குடும்பம் இங்கிலாந்து சென்றது. 1860-இல் வைட் தீவிலுள்ள பிரெஷ்வாட்டர் என்னும் கடற்கரைச் சிற்றூரில் வீடு வாங்கிக் குடியேறினர். இலங்கையிலுள்ள தம் தோட்டத்தின் நினைவாக அவ்வீட்டிற்கு டிம்போலா என்று பெயரிட்டனர். அரசவைப் புலவர் டென்னிசன் அவர்தம் அண்டை வீட்டினர்.

1863-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில், கணவர் இலங்கைத் தோட்டங்களைக் காணச் சென்றிருந்தார். மைந்தரும் அருகில் இலர். தாயின் தனிமையைப் போக்கும்பொருட்டு மகளும் மருமகனும் ஒரு படப்பெட்டியைப் பரிசாக அளித்தனர். அப்போது அம்மையாருக்கு அகவை 48. அறுவர்க்குத் தாயாகிப் பேரக்குழந்தைகளையும் கண்டுவிட்ட பெண்மணி, இனித் தையல் வேலையோடும் விருந்தோம்பலோடும் அமைதியாகக் காலங்கழிப்பார் என்றே எவரும் எதிர்பார்த்திருப்பர். அவரோ அப்பரிசை விளையாட்டுப் பொருளாகக் கொள்ளவில்லை. நிலக்கரி அடைத்து வைக்கும் அறையை இருட்டறை ஆக்கினார். கோழிகள் அடைந்திருந்த கூட்டிற்குக் கண்ணாடி பதித்துப் படமெடுக்கும் கூடமாக மாற்றினார். கோழிகள் வெளியே விடப்பட்டன. கவிஞரும் ஓவியரும் அறிவியலறிஞரும் பின்னாளில் வந்து அமர்ந்தது அந்தக் கோழிக்கூட்டிலேதான். தம் வாழ்க்கைக் குறிப்பை 1874-இல் எழுதத் தொடங்கியபோது, அதற்கு அம்மையார் இட்ட பெயரிலும் அக்கண்ணாடி வீடே இடம்பெற்றது. அந்நூல் முற்றுப்பெறவில்லை.

அவர் முதன்முதலாகக் கூலி கொடுத்துப் படப்பெட்டியின் முன் அமர்த்தியவர் அவ்வூர் உழவர் ஒருவர். ஒரு மணி நேரத்திற்கு அரைக் கிரௌன் நாணயம் கூலி. நெடுநேரம் முயன்று ஒரு படம் கிட்டியது. ஆனால் கண்ணாடித் தகட்டின் மருந்து பூசிய பக்கம் எது என்று அறியாது கையால் துடைத்துவிட்டமையால் அப்படம் அழிந்தது. அம்மையார் சோர்ந்தாரல்லர். 1864 சனவரி இறுதியில் ஆனி பில்பாட் என்னும் சிறுமியின் முகம் தகட்டில் தெளிவாகப் பதிந்தது. அன்று அவருக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை. அப்பெண் குழந்தையே படத்தை ஆக்கிவிட்டது போல எண்ணி, அவளுக்குப் பரிசளிக்க வீடெங்கும் பொருள் தேடி ஓடினார். அன்று மாலைக்குள்ளேயே படத்தை அச்சிட்டுச் சட்டமிட்டு அச்சிறுமியின் தந்தையிடம் அளித்துவிட்டார்.

இக்காலத்தில் நிழற்படம் எடுத்தல் விரலசைவில் முடிகின்றது. அக்காலத்தில் அஃது உடலை வருத்தும் கைத்தொழில். முதலில் கனத்த கண்ணாடித் தகட்டைத் துடைத்துத் தூய்மை செய்யவேண்டும். அதன்மேல் கொலோடியன் என்னும் பசை நீர்மத்தை ஒரே சீராகப் படரவிடவேண்டும். பருத்திப் பஞ்சை அமிலங்களில் நனைத்து வெடிபஞ்சாக்கி, அதனை ஈதரிலும் சாராயத்திலும் கரைத்து ஆக்கியதே கொலோடியன். கரிசற் காட்டில் விளையும் பருத்திக்கு இப்படியும் ஒரு பயன் இருந்தது. பூசிய தகட்டை இருட்டறையில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் அமிழ்த்தி எடுத்து, ஈரம் உலருமுன் படப்பெட்டிக்குள் செருகிப் படம் எடுத்து, மீண்டும் இருட்டறைக்கு ஓடி மருந்து ஊற்றி உருவத்தை வெளிக்கொணரவேண்டும். ஈரம் உலர்ந்தால் அத்தனையும் வீண். பிறகு உருவத்தை நிலைநிறுத்தும் மருந்து, பிறகு பலமுறை நீரில் அலசுதல், பிறகு மெருகுப்பூச்சு. இவ்வளவும் ஒரே ஒரு தகட்டிற்கு. அதன்பின் முட்டை வெண்கரு பூசிய தாளைத் தகட்டின்கீழ் வைத்து வெயிலிற் காயவிட்டுப் படம் அச்சிடவேண்டும். கிணற்று நீரைக் குடங்குடமாகச் சுமக்கவேண்டும்.

வெள்ளி நைட்ரேட்டு பட்ட இடம் கறுத்துப்போகும். அக்கறை சோப்பினால் நீங்காது. அதனை நீக்க நச்சுத் தன்மை கொண்ட சயனைடு உப்பையே பலரும் பயன்படுத்தினர். அம்மையாரும் அவ்வுப்பைக் கையாண்டமை கண்டு ஹெர்ஷல் அஞ்சி எச்சரித்தார். அம்மையாரின் கைகள் எந்நேரமும் கறுத்தே இருந்தன, ஆடைகளிற் கறை, மேசை விரிப்புகளிலும் கறை. மருந்து நெடியோடு விருந்தினரை வரவேற்க வருவார். அக்காலத்து ஆங்கிலச் சமுதாயத்தில் உயர்குடிப் பெண்ணின் வெண்மையான, மென்மையான கை அவள் குலத்திற்கு அடையாளம். வேலை செய்து காய்த்துப்போன கை பணிப்பெண்ணிற்கு அடையாளம். மேரி, ஜேன் என்று பெயர்கொண்ட பணிப்பெண்களின் கைகளைப்போலத் தலைமை ஆளுநர் மாளிகையில் விருந்து நடத்திய பெண்மணியின் கைகளும் ஆயின. அதுபற்றி அவர் நாணவில்லை.

மற்றொன்றும் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. 1870-ஆம் ஆண்டு வரை இங்கிலாந்தில் மணமான பெண் உழைத்து ஈட்டிய பொருள் சட்டப்படி கணவனுக்கே உரியது. அந்நிலையிலேயே அம்மையார் தம் படங்களைத் தொழிலாக விற்க முற்பட்டார். 1864 முதற்கொண்டே தம் படங்களுக்குப் பதிப்புரிமைப் பதிவு செய்தார்; அவ்வாறு பதிந்தவை ஐந்நூற்றுக்கு மேற்பட்டவை. இலண்டன் மாநகரில் கோல்நாகி என்னும் கலை வணிகர் வழியாக அவை விற்கப்பட்டன. பொழுதுபோக்கிற்காகப் படம் எடுத்த சீமாட்டிகள் அக்காலத்திற் பலர் இருந்தனர். தம் ஆக்கத்திற்கு விலையும் உரிமையும் கேட்டவர் சிலரே. இலங்கைக் காப்பியின் வருவாய் குறைந்துகொண்டே வந்தமையும் இம்முயற்சிக்கு ஒரு காரணமாகும்.

அவர்தம் படங்களில் மிகுதியாகக் காணப்படும் முகங்கள் பேரறிஞர் முகங்கள் அல்ல. வீட்டுப் பணிப்பெண்களின் முகங்களே. மேரி ஹில்லியர் என்பவள் அவ்வீட்டில் ஏவல் செய்த பெண். காலையில் பாத்திரம் துலக்கி வீடு கூட்டிய அவளே, பகலில் கண்ணாடிக் கூடத்தில் தலையில் முக்காடிட்டுக் கையிற் குழந்தையுடன் கன்னி மரியாக அமர்வாள். 1865-இல் கிரேக்கக் கவியரசி சாப்போவாகவும் அவளைப் படமெடுத்தார் அம்மையார். அந்தக் கண்ணாடித் தகடு பின்னர் விரிசல் கண்டது. ஆயினும் அம்மையார் அதனை எறிந்துவிடாது விரிசலோடே அச்சிட்டார். ஊரார் ஹில்லியரைக் கன்னி மரியின் பெயராலேயே அழைக்கலாயினர். பணிப்பெண்ணைக் கன்னி மரியாக அமர்த்துதல் அக்காலத்து வழக்கத்திற்கு மாறான துணிவு. ஏவல் கேட்டு நிற்கும் பெண்ணின் நெற்றியிலும் கண்ணிலும் பெருமிதம் உண்டு என்பதை அப்படங்களைக் காண்பவர் மறுக்கவியலாது. ஆயினும் ஒன்று கூறுதல் வேண்டும். டார்வின், டென்னிசன், கார்லைல் முதலிய ஆடவர் படங்களின் கீழ் அவரவர் பெயரே எழுதப்பட்டது. பெண்டிர் படங்களின் கீழோ பெரும்பாலும் காவியப் பாத்திரங்களின் பெயரும் விவிலியப் பெண்களின் பெயரும் எழுதப்பட்டன. ஆடவன் தானாகவே இருந்தான்; பெண் பிறிதொருத்தியாக வேடம் பூண்டாள். ஆண் பெண் என்னும் வேறுபாட்டைத் தம் வாழ்க்கையில் மீறிய அம்மையார், தம் படங்களில் அதனை முற்றும் மீறினார் என்று சொல்லுதற்கில்லை.

மேரி ரயன் என்னும் மற்றொரு பணிப்பெண்ணின் வரலாறு தமிழ்நாட்டு மாணவர் அறியத்தக்கது. அவள் அயர்லாந்து நாட்டுச் சிறுமி. 1859-இல் இலண்டனை அடுத்த பட்னி வெளியில் தாயோடு பிச்சையெடுத்து நின்றாள். அம்மையார் அவளை வீட்டிற்கு அழைத்துவந்து தம் மக்களோடு கல்வி பயிற்றினார். ஆயினும் மகளாகவும் ஆக்காது, பணிப்பெண்ணாகவே வைத்துக்கொண்டார். இந்த இரண்டுங்கெட்டான் நிலையைக் கண்டு அண்டை வீட்டார் அக்காலத்திலேயே முணுமுணுத்தனர். மேரி படங்களுக்கு அமர்ந்ததோடு படம் அச்சிடும் வேலையிலும் துணை நின்றாள். இலண்டனில் நடந்த கண்காட்சி ஒன்றில் ஹென்றி காட்டன் என்னும் இளைஞர் அவள் உருவம் அமைந்த படங்களைக் கண்டு உள்ளம் பறிகொடுத்தார். 1867-இல் அவளை மணந்தார். இந்த ஹென்றி காட்டன் பிறந்த ஊர் கும்பகோணம். இந்தியக் குடிமைப் பணியிற் சேர்ந்து அசாமின் தலைமை ஆணையராக உயர்ந்தபோது, அங்குள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் கூலியை உயர்த்தவேண்டும் என்று வாதாடித் தோட்ட முதலாளிகளின் பகையையும் கர்சன் பிரபுவின் மனக்கசப்பையும் தேடிக்கொண்டார். 1904-இல் பம்பாயில் கூடிய இந்திய தேசியக் காங்கிரசின் மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவரும் அவரே. பிச்சையெடுத்த சிறுமியின் கணவர் தோட்டக் கூலிகளுக்காகப் பேசினார் என்றால், அவ்வில்லறத்திலிருந்து அவர் கற்றதும் ஓரளவு இருக்கத்தானே வேண்டும்!

அம்மையாரின் படங்களைப் புகழ்ந்தவர் போலவே இகழ்ந்தவரும் உளர். நிழற்படச் சங்கத்தினர் பலர் அவற்றை ஏளனம் செய்தனர். உருவக் கோடுகள் கூர்மையாக இல்லை. தகட்டில் விரல் அடையாளம் தெரிகிறது. மருந்து வழிந்த கறை தெரிகிறது. இது கலையன்று, கைப்பழக்கமின்மை என்பது அவர்தம் வாதம். முகத்தை அளந்து காட்டுவது போல் ஒவ்வொரு மயிரிழையும் தெளிவாகத் தெரிவதே நல்ல படம் என்று அவர்கள் எண்ணினர். அம்மையார் வேண்டுமென்றே வில்லையைச் சற்று விலக்கி வைத்து, முகத்தின் மீது ஒளியும் நிழலும் மென்மையாகப் படரச் செய்தார். இதனால் ஒரு படத்திற்குப் பல நிமிடம் அசையாது அமரவேண்டியிருந்தது. அமர்ந்தவர் படும் பாடு பெரிது. பெருங் கவிஞராயினும் பணிப்பெண்ணாயினும் அம்மையாரிடம் ஒரே சட்டந்தான். 1867-இல் ஹெர்ஷலைப் படமெடுக்கச் சென்றபோது, அவருடைய நரைத்த தலைமயிரைக் கழுவி உலர்த்தச் செய்து, அது கதிர்போல் விரிந்து நிற்கும்படி தாமே கோதிவிட்டார். அப்படத்தில் அம்முதியவரின் முகம் இருளினின்று எழும் ஒளிபோல் தோன்றுகிறது. பெர்லின் கண்காட்சிகளில் 1865-இல் வெண்கலப் பதக்கமும் 1866-இல் தங்கப் பதக்கமும் அவருக்குக் கிடைத்தன. இலண்டன் தென் கென்சிங்டன் அருங்காட்சியகம் 1865-இல் அவருடைய படங்களை விலைக்கு வாங்கியது. 1868-இல் தன் கட்டடத்திலேயே இரண்டு அறைகளைப் படமெடுக்கும் கூடமாக அவருக்கு ஒதுக்கியது. இகழ்ந்தவர்க்கு இதனினும் சிறந்த மறுமொழி வேண்டுவதில்லை.

புகழ் வந்ததேயன்றிப் பொருள் சேரவில்லை. தகடும் வெள்ளி உப்பும் தாளும் விலையுயர்ந்தவை. ஊருக்கும் உறவினருக்கும் அம்மையார் படங்களை வாரி வழங்கினார். அச்செலவிற்கெல்லாம் ஊற்றுக்கண் இலங்கைக் காப்பி. அக்காப்பியைப் பயிரிட்டவர் யார்? மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் வறண்ட பகுதிகளினின்றும் பிற தமிழ்ப் பகுதிகளினின்றும் சென்ற ஏழை மக்கள். கங்காணி முன்செல்ல, மூட்டை முடிச்சுகளுடன் இராமநாதபுரக் கடற்கரைக்கு நடந்து, தோணியேறி மன்னாரில் இறங்கி, நீரற்ற காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலேயே பலரை மாய்த்தன. எஞ்சியவர் மலைச்சாரலிற் குழி வெட்டினர், களையெடுத்தனர், பழுத்த காப்பிக் கனிகளைப் பறித்தனர். பெண்டிர்க்குக் கூலி ஆடவரினும் குறைவு. பிரெஷ்வாட்டரில் கோழிக்கூட்டிற்குப் பதித்த கண்ணாடியின் விலையில் அக்கைகளின் உழைப்பும் இருந்தது. அம்மையார் இதனை எண்ணிப் பார்த்தாரா என்பதற்கு அவர் படங்களே விடை கூறவேண்டும்.

1869-இல் இலங்கைக் காப்பிச் செடிகளில் இலைத்துரு என்னும் நோய் கண்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் காப்பித் தொழிலே அழியும் அளவிற்கு அந்நோய் பரவிற்று. குடும்பத்தின் கடன் பெருகியது. கணவரோ எண்பது அகவையை எட்டியவராய், தாம் நேசித்த இலங்கையில் இறுதி நாட்களைக் கழிக்க விரும்பினார். மைந்தர் சிலர் அங்கே பணிபுரிந்தனர். 1875 அக்டோபரில் அம்மையாரும் கணவரும் கப்பலேறினர். அங்கே தக்க சவப்பெட்டி கிடைக்குமோ கிடைக்காதோ என்று அஞ்சி இரண்டு சவப்பெட்டிகளை உடன் கொண்டு சென்றார் என்றும், அவற்றினுள் பீங்கான்களை அடுக்கியிருந்தார் என்றும், பாலுக்காக ஒரு பசுவையும் ஏற்றினார் என்றும் கூறுவர். மூட்டை சுமந்த கூலிகளுக்குக் கொடுக்கக் காசில்லாமையால் தாம் எடுத்த பெரியோர் படங்களையே கூலியாக அளித்தாராம். அப்படங்களின் இன்றைய விலையை நோக்கின், அன்று மூட்டை தூக்கியவர் இழந்தது ஒன்றுமில்லை. பெற்ற அன்று அது தெரிந்திராது என்பதே குறை.

இலங்கையில் மேற்குக் கடற்கரையிலுள்ள களுத்துறையில், அரசுப் பணியிலிருந்த மகன் ஹார்டிஞ்சின் இல்லத்தில் பெரும்பாலும் தங்கினார். இங்கிலாந்தில் குளிரும் மங்கிய ஒளியும் தடையாயிருந்தன. இங்கே வெப்பமே பகை. ஈதர் நொடியில் ஆவியாகும். தகடு விரைந்து உலரும். மருந்துகள் கப்பலில் வரவேண்டும். தூய நீர் அரிது. அறுபதைக் கடந்த அகவையில் இவ்வளவு இடரையும் தாங்கிப் படமெடுத்தார். எண்ணிக்கையிற் குறைந்தவையே அப்படங்கள். எஞ்சியவை முப்பதிற்கும் குறைவு.

1877-இன் தொடக்கத்தில் உலகெங்கும் சுற்றிச் செடிகொடிகளை வண்ண ஓவியமாக எழுதிய மேரியன் நார்த் அம்மையார் களுத்துறைக்கு விருந்தினராக வந்தார். தென்னையும் இலையும் சூழ அவரைப் படமெடுக்க ஜூலியா அம்மையார் மூன்று நாள் பாடுபட்டார். வெயிலில் தலைமயிரை அவிழ்த்து விரித்து அசையாது நிற்கச் சொன்னாராம். நார்த் எழுதிவைத்த குறிப்பில் வேறொரு செய்தியும் உண்டு. ஒருவனுடைய முதுகின் அழகைக் கண்டு வியந்த ஜூலியா அம்மையார், அவனைத் தோட்டக்காரனாக அமர்த்துமாறு மகனை வற்புறுத்தினார். வீட்டிற்கோ தோட்டமில்லை! உழைத்து உழைத்து உரமேறிய முதுகு அது. அம்மையார் அதனைச் சிலையின் முதுகாகக் கண்டார். அது எவ்வாறு உரமேறிற்று என்று வினவியதாகத் தெரியவில்லை.

அவ்வாண்டுகள் தமிழகத்திற்குக் கொடிய ஆண்டுகள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாதுவருடப் பஞ்சம் வாட்டிற்று. கரிசற்காடுகள் வெடித்துக் கிடந்தன. கஞ்சிக்கு வழியற்றோர் கூட்டங்கூட்டமாகக் கடல் கடந்தனர். இலங்கைக்குச் சென்றவர் தொகை முன்னெப்போதினும் மிகுந்தது. அம்மையார் அக்காலத்தில் எடுத்த படங்களில் இடம்பெற்ற எளியோருள் தோட்டத்திற்கு வந்த தமிழரும் உளர் என ஆய்வாளர் கருதுகின்றனர்.

அக்காலத்துக் கொழும்பில் படக்கடை நடத்திய வெள்ளையர் பலர் இருந்தனர். கூடை சுமந்த கூலிப்பெண், பதநீர் இறக்குவோன், வண்டிக்காரன் என்று தொழிலாளரை வகை வகையாக நிறுத்திப் படமெடுத்து, பயணிகளின் படத்தொகுதிகளுக்கு விற்றனர். அவற்றில் மனிதர் மாதிரிப் பொருள்கள். ஜூலியா அம்மையாரின் படங்கள் அவ்வகையின அல்ல. தடித்த துணியை மேலே போர்த்தி நிற்கும் இளம்பெண் தலை நிமிர்ந்து நேரே நோக்குகிறாள். முகத்திற் சிரிப்பில்லை, அச்சமும் இல்லை. மேரி ஹில்லியருக்கு அளித்த அதே ஒளியும் நிழலும் அவளுக்கும் அளிக்கப்பட்டுள்ளன. ஆயினும் வேறுபாடு ஒன்றுண்டு. மேரிக்குக் கன்னி மரியின் பெயரையேனும் அம்மையார் கொடுத்தார். இவர்களுக்கு எப்பெயரையும் கொடுக்கவில்லை. 1878-இல் எடுத்த களுத்துறைக் குடியானவர் படம் ஒன்றின்கீழ் அவர் எழுதியது வயதை மட்டுமே. சிறுமிக்கு வயது பன்னிரண்டு. அவளுடைய தந்தை என்று சொல்லிக்கொள்ளும் முதியவர் தமக்கு வயது நூறு என்கிறார் என்பது அக்குறிப்பு. அவர்தம் பெயர்களைக் கேட்டு எழுத ஒரு வரி போதும். அவ்வரி அங்கே இல்லை. கலைஞர் என்ற முறையில் அவர் அம்மக்களைத் தம் வீட்டாருக்கு நிகராக நோக்கினார். தோட்டக்காரர் குடும்பத்துத் தலைவி என்ற முறையில் அவர்தம் பெயரை அறியாமலே விட்டார். இரண்டும் உண்மையே. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மறைத்தல் நேர்மையாகாது.

1878-இல் அம்மையார் ஒரு முறை இங்கிலாந்து சென்று திரும்பினார். திரும்பிய சில திங்களில் மலைநாட்டிலுள்ள கிளென்கேர்ன் தோட்டத்தில் நோயுற்று, 1879 சனவரி 26-ஆம் நாள் காலமானார். வெள்ளை எருதுகள் பூட்டிய வண்டியில் அவர் உடல் மலைவழியே கொண்டு செல்லப்பட்டு, பொகவந்தலாவையிலுள்ள புனித மரியன்னை ஆலயத்தின் முற்றத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அடுத்த ஆண்டில் மறைந்த கணவரும் அவர் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

மறைவிற்குப் பின் அவர் புகழ் சில காலம் மங்கிக் கிடந்தது. அவருடைய உடன்பிறந்தாள் மகள் ஜூலியா ஜாக்சனை அவர் பன்முறை படமெடுத்திருந்தார். அந்த ஜூலியாவின் மகளே புகழ்பெற்ற நாவலாசிரியை வர்ஜீனியா உல்ஃப். அவர் 1926-இல் ரோஜர் ஃபிரை என்னும் கலைத்திறனாய்வாளருடன் சேர்ந்து தம் பாட்டி முறையினரான அம்மையாரின் படங்களை நூலாக வெளியிட்டார். அதன்பின் உலகம் மீண்டும் அவரை அறிந்தது. பிரெஷ்வாட்டரிலுள்ள டிம்போலா இல்லம் இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. மேரி ஹில்லியர் தோட்டக்காரர் ஒருவரை மணந்து, பல மக்களைப் பெற்று, முதுமையிற் கண்பார்வை இழந்து, 1936 வரை அவ்வூரிலேயே வாழ்ந்தார். அவர் முகம் இலண்டன், நியூயார்க்கு அருங்காட்சியகங்களில் தொங்குகிறது. இப்போது பட விளக்கத்தில் அவர் பெயரும் எழுதப்படுகிறது.

பொகவந்தலாவையைச் சுற்றியுள்ள மலைகளில் காப்பி இருந்த இடத்தில் இன்று தேயிலை இருக்கிறது. நெற்றியிற் கயிறு தாங்கிய கூடையுடன் அதனைக் கொய்பவர் பெரும்பாலும் தமிழ்ப் பெண்களே. களுத்துறைப் படங்களில் உள்ள பெண்கள் யார், எவ்வூரார் என்பதை ஆய்வாளர் இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றனர்.